வெறுமைக்கு வாடகை

கவிதை நூல் ஒன்று வெளிவந்தால் அதனைத் திறனாய்வு செய்ய நம்மிடையே பலர் உண்டு. சிறுகதைக்கு உண்டு, புதினத்திற்கு உண்டு, பழைய காப்பியங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் ஒரு விடுதியை நூலைப் போல விரித்து வைத்துக்கொண்டு, இதனை ஆக்கியவர் என்ன சொல்ல வருகிறார், யாரை நோக்கிச் சொல்கிறார், எதனைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார் என்று கேட்பது நம் இதழ்களில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை மீறி எழுத நேர்ந்ததற்குக் காரணம், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், சூலியா தெருவை ஒட்டிய சந்தொன்றில் நான் மூன்று இரவுகள் தங்கிய ஓர் அறை.

தங்கை மகனுக்கு அந்நகரில் வேலை. அவன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இடம் போதாது என்பதால், ‘மாமுவுக்கு அமைதியான இடமாக இருக்கட்டும்’ என்று சொல்லி அவனே அறையை ஏற்பாடு செய்திருந்தான். ஓர் இரவுக்கு 450 ரிங்கிட். நம் பணத்தில் 9,000 ரூபாயை ஒட்டி வரும். நான் அருப்புக்கோட்டைக்காரன். எங்கள் ஊரில் அந்தத் தொகைக்கு ஒரு மாதம் முழுவதும் மாடி வைத்த வீட்டில் குடும்பத்தோடு இருக்கலாம். கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டு, வாயைத் திறவாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

அறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை. நான்கு பக்கமும் வெண்சுண்ணாம்பு பூசிய சுவர். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகைக் கட்டில். அதன்மேல் வெள்ளை விரிப்பு. ஒரே ஒரு முக்காலி. சட்டை மாட்டுவதற்குச் சுவரில் மூன்று மரமுளைகள். கண்ணாடிக் கூஜா ஒன்று, குவளை ஒன்று. படம் இல்லை, நாட்காட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை, அலமாரி இல்லை. விளக்குகள் எங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன என்பது தெரியாதபடி, சுவரின் இடுக்கிலிருந்து வெளிச்சம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்தியதும் எனக்கு உண்டான முதல் உணர்ச்சி வியப்பன்று. இந்த அறையை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணந்தான். சற்று நேரம் கழித்தே விளங்கியது. திருச்சுழி வட்டாரத்து வீரசோழனில் என் நன்னா வாழ்ந்த வீட்டின் உள்ளறை அது! அங்கும் சுவரில் ஒன்றும் இராது. ஒரு மூலையில் கோரைப்பாய்கள் சுருட்டி நிறுத்தப்பட்டிருக்கும். மாடக்குழியில் ஒரு விளக்கு. கொடியில் இரண்டு கைலிகள். மண்பானையின் மேல் கவிழ்த்து வைத்த செம்பு. கம்பு கொட்டி வைக்கும் குலுக்கை. இவ்வளவே. அந்த அறையை அழகு என்று எவரும் சொன்னதில்லை. மழையை நம்பிப் பிழைக்கின்ற நாட்டில் வீட்டுக்குள் பொருள் சேர்வதில்லை. கண்மாய் பெருகினால் ஒரு போகம். பெருகாவிட்டால் அதுவும் இல்லை. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் மணல் இருக்கும் நாட்கள் மிகுதி, தண்ணீர் இருக்கும் நாட்கள் சில. இந்த மண்ணின் வெற்றறைகளைக் கட்டியவன் எந்தக் கலைஞனும் அல்லன். வானம் பார்த்த பூமியின் வறட்சியே அவற்றைக் கட்டியது.

இப்போது நான் தங்கிய அறையோ வேண்டுமென்றே வெறுமையாக்கப்பட்டது. இதற்கு ஒரு கலைக்கொள்கை இருக்கிறது. ‘மினிமலிசம்’ என்பர். தேவைக்கு மேற்பட்ட அனைத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவதே அழகு என்பது அதன் சாரம். குறைவே நிறைவு என்ற முழக்கம், 1929இல் பார்சிலோனாக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் மண்டபத்தை எழுப்பிய மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சின்னஞ்சிறு விடுதிகளை ஒரு தனிச்சுவையோடு அமைத்து மிகுந்த விலைக்கு விடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. நியூயார்க்கில் 1984இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் விடுதியை அதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். இவற்றிற்குப் ‘பூட்டிக்’ விடுதிகள் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கடை என்பது பொருள். நான் தங்கிய கட்டடமோ உண்மையாகவே கடையாக இருந்தது. கீழே வாணிகம், மேலே குடியிருப்பு என்று அமைந்த பினாங்கின் கடைவீடுகளுள் ஒன்று. கடை போய்விட்டது, கடை என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் திரும்பி வந்திருக்கிறது!

ஏளனம் செய்வது எளிது. ஆனால் ஏளனம் திறனாய்வு ஆகாது. அந்தக் கட்டடத்தைச் செப்பனிட்டவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நீண்டு ஒடுங்கிய கடைவீட்டின் நடுவே வானத்தை நோக்கித் திறந்த முற்றத்தை அவர்கள் மூடிவிடவில்லை. மழை பெய்தபோது அது முற்றத்துக்குள்ளேயே பெய்தது. அதன் ஓசை என் அறைவரை வந்தது. பழைய சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் உளுத்துப்போகும். அதனை உணர்ந்து சுண்ணாம்பையே பூசியிருந்தார்கள். மரப்படிகளில் பல தலைமுறைகளின் கால்கள் தேய்த்த பள்ளங்களை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அந்தப் படிகளில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. முதல் இரவு நன்றாகவும் உறங்கினேன். கண்ணுக்கு வேலையில்லாத அறையில் மனம் விரைவில் அடங்குகிறது என்பது பொய்யன்று. இரவுத் தொழுகைக்கு அதைவிட ஏற்ற இடம் எனக்கு அண்மையில் வாய்த்ததில்லை.

தொழுகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலேசிய விடுதிகளில் கூரையிலோ மேசையிழுப்பிலோ கிப்லாவின் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று ஒட்டியிருக்கும். இங்கே அதுவும் இல்லை. வெண்மைக்கு ஊறு நேரும் என்று நீக்கிவிட்டார்கள் போலும்! கீழே சென்று கேட்டேன். பணியிலிருந்த மலாய் இளைஞர் மாடிவரை என்னோடு ஏறிவந்து, தம் நாட்டு மரியாதைப்படி சுட்டுவிரலை நீட்டாமல் பெருவிரலை நீட்டித் திசையைக் காட்டிவிட்டுச் சென்றார். அந்த விடுதியில் நான் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்தது அந்த இளைஞரின் பண்புதான். அது வரைபடத்தில் இல்லாதது.

இரண்டாம் நாள்தான் அறை தன் மறுபக்கத்தைக் காட்டியது.

ஜார்ஜ் டவுன் உணவுக்குப் பேர்போன நகரம். உலகின் பல மூலைகளிலிருந்தும் உண்பதற்கென்றே அங்கே வருகிறார்கள். அவ்வூரின் உணவுகளுள் தலையாயதான நாசி கந்தர் நம் மக்களின் கைவண்ணம். ‘கந்தர்’ என்பது மலாய் மொழியில் தோளில் சுமக்கும் காவடித் தடியைக் குறிக்கும். தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை. விடியற்காலையில் துறைமுகத்துக் கூலிகளுக்கு அதைச் சுமந்து சென்று விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். சுமந்த தோள்கள் பிறகு கடை பிடித்தன. சூலியா தெருவுக்கு அருகே கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கப்பெற்றது, இன்றும் நடக்கிறது. சோற்றின் மேல் ஒரு குழம்பை ஊற்றி நிறுத்துவதில்லை. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இறைச்சிக் குழம்பு என்று பலவற்றைக் கலந்து ஊற்றுகிறார்கள். வெள்ளமாக ஊற்றச் சொல்ல வேண்டுமானால் ‘பஞ்சிர்’ என்றால் போதும். மலாய் மொழியில் வெள்ளத்திற்கு அதுவே சொல். வறண்ட நாட்டிலிருந்து போன நம்மவர்கள் அங்கே வெள்ளத்தைத் தட்டில் கண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

விடுதியார் இந்த உணவுப் புகழை நன்கு அறிவர். அவர்கள் தரும் நான்கு பக்கச் சிற்றேட்டில் அக்கம்பக்கத்து உணவுக்கடைகளைக் குறித்த வரைபடம் ஒன்று உண்டு. எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது சூடாகக் கிடைக்கும் என்பதுவரை விளக்கமாக எழுதியிருந்தார்கள். ஆனால் அதே சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில், வெளி உணவை அறைக்குள் கொண்டுவரலாகாது என்று ஒரு வரி. மணம் தங்கிவிடுமாம். விடுதிக்கென்று சமையலறையும் கிடையாது. நான் வாங்கி வந்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியின் கீழே நின்றபோது, அந்த ஒற்றை வரியில் அந்த விடுதியின் முழுக் கொள்கையும் அடங்கியிருப்பதை உணர்ந்தேன். தெருவின் மணத்தைக் காட்டி அறையை விற்கிறார்கள். அறைக்குள் அந்த மணத்திற்கு இடமில்லை. எந்த மணம்? மேல்மாடிகளில் ஏலமும் பட்டையும் உலர்த்தி, கீழே குழம்பு கொதிக்கவிட்டு வாழ்ந்த அந்தத் தெருவின் சொந்த மணம்.

அன்று மாலை என்னைக் காண ஒரு பெரியவர் வந்தார். வீரசோழனைச் சேர்ந்தவர், எனக்கு முறைக்குச் சாச்சா. 1958இல் பதின்மூன்று வயதில் தம் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ‘ரஜூலா’க் கப்பலில் வந்து இறங்கியவர். 1926 முதல் 1973 வரை நம் கரையையும் மலாயாக் கரையையும் இணைத்து ஓடிய அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டாலே இராமநாதபுரத்துப் பெரியவர்களின் முகம் மாறும். (அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தன. இன்றும் அயல்நாட்டில் எங்களவர் ‘ராம்நாட்’ என்றே சொல்லிக்கொள்வர்.) சாச்சாவை அறைக்கு அழைத்துச் செல்லலாம் என்று எழுந்தேன். பதிவு செய்யாத விருந்தினர் மாடிக்குச் செல்ல இயலாது என்று மிகப் பணிவாகச் சொன்னார்கள். பெரியவர் ஐந்து நிமிடம் அறையைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்ட பின்னர் இசைந்தார்கள்.

ஏறினோம். சாச்சா வாயிலில் நின்று உள்ளே நோக்கினார். அறையில் இருந்தது ஒரு முக்காலி. அதை அவருக்குப் போட்டால் நான் நிற்க வேண்டும். கட்டிலில் அமரச் சொன்னேன்; வெள்ளை விரிப்பைப் பார்த்துத் தயங்கினார். தண்ணீர் கொடுக்க நினைத்தால் இருந்தது ஒரே குவளை. அதில் நான் குடித்திருந்தேன்.

“இந்த வரிசையிலேதான் தம்பி எங்க கடை இருந்துச்சு. மாடியிலே இம்புட்டு அகலம்தான். பதினோரு பேர் படுப்போம். ஊர்லேருந்து ஆள் வந்துட்டா பன்னெண்டாவது பாயும் விரியும். எப்படி விரிஞ்சுச்சுன்னு இன்னைக்கு நெனைச்சாலும் புரியலே.”

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் படியிறங்கத் தொடங்கினார். பதினோரு பேர் இருந்த இடத்தில் பன்னிரண்டாமவருக்கு இடம் இருந்தது. ஒருவர் இருக்கும் இடத்தில் இரண்டாமவருக்கு இடமில்லை. இந்த அறையைப் பற்றி நான் எழுத நினைத்த திறனாய்வை அவர் இரண்டு மூச்சில் முடித்துவிட்டார்.

நன்னாவின் அறையும் இவ்வறையும் ஒன்றுபோலத் தோன்றியது என் கண்ணின் பிழை. அங்கே பாய் சுருட்டி மூலையில் நின்றதற்குக் காரணம், யார் வந்தாலும் விரிக்கலாம் என்பது. நடுவிடம் காலியாக இருந்ததற்குக் காரணம், அங்கே ஆட்கள் அமர வேண்டும் என்பது. அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளிலும் இதே நிலைதான். தறி ஒன்று வீட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்; எஞ்சிய இடத்தில் மனிதர் உட்கார வேண்டுமானால் பொருள் இருக்கலாகாது. ஊருணியிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர் எங்கள் பக்கத்தில் நெய்யைப் போல் அளந்து செலவிடப்படுவது. ஆயினும் திண்ணையில் ஏறியவருக்கு முதலில் நீட்டப்படுவது ஒரு செம்புத் தண்ணீர்தான். அந்த வெறுமை, வருகின்றவருக்காகக் காத்திருந்த வெறுமை. இந்த விடுதியின் வெறுமையோ வருகின்றவரை விலக்குவதற்காக விலை கொடுத்துச் செய்யப்பட்டது.

வெற்றறைக் கலைக்கே இது இயல்பு என்று நான் சொல்லவில்லை. அக்கலையின் மூதாதை என்று பலரும் காட்டும் ஜப்பானியத் தேநீர்க் குடிலை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் அமைத்ததாகக் கருதப்படும் ‘தாய்-ஆன்’ குடில் இரண்டு பாய் அகலமே உடையது. அதன் வாயில் ஊர்ந்து நுழைய வேண்டிய அளவுக்குச் சிறியது. பிரபுவானாலும் குனிந்தே வரவேண்டும். இடையிலுள்ள வாளை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் இருக்கிறார்: தம் கையால் தேநீர் கலந்து நீட்டும் வீட்டுக்காரர். அவருக்கும் விருந்தினருக்கும் நடுவே எதுவும் குறுக்கிடலாகாது என்பதற்காகவே அந்த அறை வெறுமையாயிற்று. இக்கலையைக் கற்றுக்கொண்ட விடுதியார் பொருள்களோடு சேர்த்து வீட்டுக்காரரையும் நீக்கிவிட்டார்கள். நாகரிகமான பிழை; ஆயினும் பிழையே.

நமக்கு இதனினும் அண்மையான சான்று உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தைவிட வெறுமையான இல்லம் எது? உமர் (ரலி) அவர்கள் உள்ளே நுழைந்தபோது நபிகளாரின் விலாவில் ஓலைப்பாயின் தடம் பதிந்திருந்ததையும், அறையில் ஒரு கைப்பிடி வாற்கோதுமையும் சில தோல்களும் தவிர வேறொன்றும் இல்லாததையும் கண்டு கண்ணீர் வடித்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவர். அந்த வெற்றில்லத்தைத் தேடிப் பசியோடு ஒரு விருந்தினர் வந்தார். மனைவியர் எல்லோருடைய அறைகளிலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்ற பதிலே கிடைத்தது. இவருக்கு விருந்தளிப்பவர் யார் என்று தோழர்களிடம் கேட்கப்பட்டது. அன்சாரி ஒருவர் அழைத்துச் சென்றார். அவர் வீட்டிலும் பிள்ளைகளின் உணவு மட்டுமே இருந்தது. பிள்ளைகளை உறங்கவைத்து, விளக்கைச் சரிசெய்வதுபோல் அணைத்துவிட்டு, இருட்டில் தாமும் உண்பதாகக் காட்டிக்கொண்டு விருந்தினரை உண்ணவைத்தார்கள் கணவனும் மனைவியும். ‘அல்-ஹஷ்ர்’ அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் இந்நிகழ்ச்சியைக் குறித்தே அருளப்பெற்றது என்பர். விளக்கை மறைத்துவைத்து வெளிச்சத்தை மட்டும் கசியவிடும் கலையை மூன்று இரவுகள் கண்டேன். விருந்தினர் நாணாதிருக்க விளக்கை அணைத்த கலையும் ஒன்று உண்டு என்பதை நினைக்காமலிருக்க முடியவில்லை.

வெறுமை என்பதே விருந்தோம்பலின் அடையாளம் என்று யாரும் மயங்கிவிடக் கூடாது. நம் மதுரை மண்ணையும் மிதித்துச் சென்ற இப்னு பதூதா, அனட்டோலியாவின் நகரங்களில் ‘அகீ’ என்னும் இளைஞர் சங்கத்தாரின் விருந்தைப் பெரிதும் வியந்து எழுதியிருக்கிறார். கந்தலாடை உடுத்த தோல் தொழிலாளி ஒருவர் வந்து விருந்துக்கு அழைத்தபோது, இந்த ஏழைக்கு ஏன் தொல்லை என்று அவர் தயங்கினார். போய்ப் பார்த்தால் அவரே அச்சங்கத்தின் தலைவர். பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை மாலையில் கொண்டுவந்து பயணிகளின் உணவுக்குச் செலவிட்டார்கள் அவர்கள். அவர்களுடைய தங்ககத்தில் உயர்ந்த கம்பளங்கள் விரிந்திருந்தன. ஈராக்கியக் கண்ணாடி விளக்குகள் ஒளிர்ந்தன. ஆக, கம்பளம் இருப்பதும் இல்லாததும் இரண்டாம் செய்தி. மதுரை இரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தையும், பள்ளிவாசல்களை ஒட்டிய முஸாபிர்கானாக்களையும் அழகுக்காக எவரும் புகழ்ந்ததில்லை. அவற்றைக் கட்டியவர்கள் வழிப்போக்கரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள்.

இனி, அந்தச் சிற்றேட்டை ஒரு நூலாகக் கொண்டு பார்ப்போம். ‘எளிமை’ என்ற பொருள்படும் சொல் நான்கு பக்கங்களில் ஒன்பது இடங்களில் வருகிறது. கட்டடம் நூறாண்டு பழமையானது, ஒரு வணிகருக்குரியது என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில் விடுதி திறக்கப்பட்டுவிடுகிறது. இடையில் இருந்தவர்கள் எங்கே? பினாங்கு 1786இல் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஏறத்தாழ அன்று முதலே அங்கே கடை வைத்திருந்த சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர், அத்தெருவுக்குத் தங்கள் பெயரையே கொடுத்தார்கள். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுப்பிய தர்காவும் நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. அந்தக் கடைவீடுகளின் மாடிகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் குறைந்த வாடகைக்குக் குடியிருக்க முடிந்ததற்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது காவல் முற்றிலும் விலகியது. வாடகை பன்மடங்காயிற்று; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. எட்டாண்டு கழித்து, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. சுவர்களுக்குக் காப்பு கிடைத்தது. சுவர்களுக்குள் இருந்தவர்களோ அதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். சாச்சாவும் அவர்களுள் ஒருவர்.

நியாயமாகப் பேசுவதானால் பழி முழுவதையும் விடுதிகள்மேல் சுமத்த இயலாது. ஆள் நீங்கிய கடைவீடுகள் பல, கூரை இடிந்து மரம் முளைத்துக் கிடந்தன. வாடகைக் கட்டுப்பாடு இருந்தபோதும் பழுது பார்க்க உரிமையாளர் முன்வராமல் பல வீடுகள் நலிந்தன என்பதும் உண்மை. விடுதிக்காரர்கள் பணம் போட்டிராவிட்டால் அந்தத் தேய்ந்த படிகளில் நான் கால் வைத்திருக்கவே முடியாது. நான் குறை சொல்வது செப்பனிட்டதையன்று; அந்த இடைவெளியை ‘எளிமை’ என்று பெயரிட்டு அழைப்பதையே. ஆள் இல்லாத இடம் வேறு. எளிய இடம் வேறு.

உமையாக்களின் காலத்தில், ஹிஜ்ரி 88ஆம் ஆண்டை ஒட்டி, மதீனாப் பள்ளியை விரிவாக்க நபிகளாரின் துணைவியர் வாழ்ந்த அறைகள் இடிக்கப்பட்டன. கையை உயர்த்தினால் கூரை எட்டும் அளவுக்குத் தாழ்ந்த அறைகள் அவை. மதீனா மக்கள் அழுதார்கள். அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா, எதனைக் கொண்டு இறைத்தூதர் மனநிறைவு கொண்டார்கள் என்பதை வருங்கால மக்கள் கண்டு உணர்வார்களே என்று ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்கள் வருந்தியதாக நூல்கள் கூறுகின்றன. அவர் காக்க விரும்பியது சுவரை மட்டுமா? அந்தச் சுவருக்குள் வாழ்ந்த முறையை அன்றோ! சுவர் அதற்குச் சான்றாக நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஜார்ஜ் டவுனில் சுவர் நிற்கிறது. சான்று சொல்லவிடாமல் அதற்கு வெள்ளை பூசியிருக்கிறார்கள்.

அந்த வாழ்க்கைக்குச் சான்று தேடுவோர் இன்று நூல்களைத்தான் நாட வேண்டும். சிங்கம்புணரியில் பிறந்த ப.சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரு புதினங்களிலும் பினாங்கின் கடைகளும், அவற்றில் உண்டு உறங்கிக் கணக்கெழுதிய நம் நாட்டு இளைஞர்களும் உயிரோடு நடமாடுகிறார்கள். அவற்றுள் செட்டிப்பிள்ளைகளின் வட்டிக்கடையே மிகுதி. நம்மவரின் கடைமாடிகள் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. எழுதக்கூடியவர்கள் இன்னும் சிலர் எண்பது வயதில் அங்கே இருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அத்தனை மனிதக் கூட்டத்தை எழுத்தில் நிறைத்த சிங்காரம், மதுரையில் ஒரு விடுதி அறையில் தனியராகவே நெடுங்காலம் வாழ்ந்து 1997இல் மறைந்தார். வெற்றறையில் இருந்துகொண்டு நிறைந்த அறைகளை எழுதினார்.

மூன்றாம் நாள் இரவு சாச்சா மீண்டும் வந்தார். கையில் இரண்டு பொட்டலங்கள். மாடிக்குப் போகலாமா என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. கடைவீடுகளின் முன்னே, மாடியின் நிழலில், தெருவோடு நீண்டு செல்லும் நடைபாதைக்கு மலாயாத் தமிழில் ‘அஞ்சடி’ என்று பெயர். ஐந்தடி அகலத்தால் வந்த பெயர். நம் திண்ணைக்கு அதுவே அங்கே மாற்று. மூடிக்கிடந்த பக்கத்துக் கடையின் படியில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். குழம்பின் மணம் எழுந்தது. விடுதியின் கதவருகே நின்றிருந்த அந்த மலாய் இளைஞர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சாச்சா தம் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி, “மாக்கான், மாக்கான்” என்றார். இளைஞர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து குந்தினார். மூவருக்கும் படி போதவில்லை. சாச்சா சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.